அப்பாவுக்கு லிம்போமா, எனக்கும் வருமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் லிம்போமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே பயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன: இது குடும்பத்தில் இறங்குகிற நோயா? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

வாசகி, நாமக்கல்: அப்பாவுக்கு 61 வயது. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்று சொல்லி ஆறு சைக்கிள் கீமோ முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு 34, தம்பிக்கு 30, எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். நாங்கள் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? மாமியார் வீட்டில் "உங்க பரம்பரையிலேயே இருக்கு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

டெஸ்ட் எதுவும் வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம், தம்பிக்கும் வேண்டாம், குழந்தைகளுக்கு நிச்சயமாக வேண்டாம். அப்பா தேறிவிட்டார் என்பதை மாமியார் வீட்டில் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லுங்கள், அது முக்கியம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பெற்றவர், உடன்பிறந்தவர், பிள்ளை என்று நெருங்கிய உறவில் ஒருவருக்கு நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா வந்தால் (லிம்போமாவில் ஹாட்ஜ்கின், நான்-ஹாட்ஜ்கின் என்று இரண்டு பெரிய கூட்டங்கள், அப்பாவுக்கு வந்தது இந்த இரண்டாவது கூட்டத்தில் ஒரு வகை) மற்றவர்களுக்கு வருகிற வாய்ப்பு ஊரில் எல்லோருக்கும் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை இருக்கிறது. இரண்டு மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கும்தான், ஆனால் எதற்கு இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். இந்த நோய் அதிகம் உள்ள அமெரிக்காவில் ஒருவருக்கு ஆயுள் முழுவதிலும் இது வர வாய்ப்பு ஏறக்குறைய ஐம்பதில் ஒன்று. அங்கேயே இரட்டிப்பானால் ஐம்பதில் இரண்டு, மீதி 48 பேர் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுப் போவார்கள். இந்தியாவில் தொடக்கமே அதைவிடப் பல மடங்கு குறைவு. அந்தக் குறைந்த எண்ணை இரட்டிப்பாக்கித்தான் உங்கள் வீட்டின் கணக்கைப் போட வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கூடுதலில் எல்லாமே ஜீனால் வந்ததும் இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே கிருமிகளையும் ஒரே தண்ணீரையும் ஒரே வயல் மருந்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆய்வுக்காரர்களுக்கே இவற்றைப் பிரித்து எடுப்பது பெரும்பாடு. ஹீமோஃபிலியா, தலசீமியா போல ஒரு ஜீன் பழுது, அது இறங்கினால் நோய் என்கிற அர்த்தத்தில் இது பரம்பரை நோயே இல்லை. இறங்குவது சின்னச் சின்னச் சாய்வுகள். அவற்றிலும் அப்பாவிடம் இருப்பதில் பாதிதான் உங்களுக்கு வந்திருக்கும், உங்கள் பெண்களுக்கு அதிலும் பாதி. கல்யாணப் பேச்சில் இதையெல்லாம் இழுக்கிறவர்களிடம் அவர்கள் வீட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கேளுங்கள், அது இதைவிட நன்றாகவே இறங்குகிறது.

வாசகர், சேலம்: மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் டி(14;18) பாசிட்டிவ், பி.சி.எல்.2 பாசிட்டிவ் என்று இருக்கிறது. ஜீன் மாற்றம் என்றால் மகனுக்கும் போயிருக்கும்தானே?

போயிருக்காது. இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் வருகிறது, டாக்டர்களுக்கும் நின்று விளக்க நேரமில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்த ரிப்போர்ட் பேசுவது கட்டியில் உள்ள செல்களைப் பற்றி. உங்கள் மனைவி பிறந்து பல வருஷம் கழித்து எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு பி செல்லில் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு) 14-ஆம் குரோமோசோமின் துண்டும் 18-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அதனால் 18-இல் இருந்த பி.சி.எல்.2 என்ற ஜீன் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிற ஓர் இடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. அந்த ஜீனின் வேலை செல்லைச் சாகவிடாமல் காப்பது. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகினால் என்ன ஆகும் என்பதுதான் ஃபாலிகுலர் லிம்போமா. இது கருமுட்டைக்குப் போகவே இல்லை, அதனால் மகனுக்கும் போக வழியில்லை.

ஏன் பி செல்லில் இப்படி நடக்கிறது என்பது சுவாரசியமான விஷயம். உடம்பில் மற்ற செல்களெல்லாம் தங்கள் டி.என்.ஏ-வைப் பொத்திப் பாதுகாக்கும்போது, பி செல்லும் டி செல்லும் மட்டும் கிருமிகளை அடையாளம் காண்கிற புரதங்களைப் புதுசு புதுசாக உருவாக்க வேண்டி வேண்டுமென்றே தங்கள் டி.என்.ஏ-வை வெட்டி ஒட்டுகின்றன. பி செல்லோ அதற்கு அப்புறமும் நிணநீர் முடிச்சுக்குள் போய் அதே ஜீன்களில் வேண்டுமென்றே எழுத்துப்பிழைகளைப் போட்டுப் பார்க்கிறது. கத்தரிக்கோல் எடுத்தவன் கை என்றைக்காவது தவறும். இந்த 14;18 ஒட்டல் நோயே இல்லாத நடுவயதுக்காரர்கள் பலரின் ரத்தத்திலும் தேடினால் கிடைக்கிறது, பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது என்றே சொல்கிறார்கள், ஆனால் அவர்களில் மிகச் சிலருக்குத்தான் லிம்போமா வருகிறது. பிறவியில் வரும் ஜீன் வேறுபாடுகளின் பங்கு இங்கேதான் வருகிறது: தவறிப்போன செல்லை உடம்பு கவனித்து ஒழிக்கிறதா, வளரவிடுகிறதா என்ற இடத்தில்.

கல்லூரி மாணவர், மதுரை: அப்படியானால் எந்த ஜீன்? பயோடெக் படிக்கிறேன், கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம்.

சரி, உங்களுக்காக. மற்றவர்கள் வேண்டுமானால் அடுத்த கேள்விக்குத் தாண்டிக்கொள்ளலாம்.

லிம்போமாவில் பெரிய ஆய்வுகள் எல்லாம் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து செய்தவை. 2001-இல் தொடங்கிய இன்டர்லிம்ஃப் என்ற கூட்டமைப்பு அதில் முக்கியமானது. தனித்தனியாக நூறு, இருநூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஜீனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. 2006-இல் அவர்கள் எல்லாரும் தங்கள் மாதிரிகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது டி.என்.எஃப் என்ற அழற்சி ஜீனுக்கு முன்னால் இருக்கும் ஓர் எழுத்து மாற்றம் டி.எல்.பி.சி.எல் (நாமக்கல் வாசகியின் அப்பாவுக்கு வந்தது) ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று தெரிந்தது. ஒரு பிரதி இருந்தால் ஏறக்குறைய 30 சதவீதம், இரண்டு இருந்தால் 65 சதவீதம். எல்லோரும் டி.என்.எஃப்-தான் ஆள் என்று நினைத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஜீன் இருக்கும் இடம் ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ ஜீன்கள் கொத்தாக இருக்கிற பகுதிக்குள். அங்கே ஜீன்கள் தனித்தனியாக இறங்குவதில்லை, நீளமான தொகுதியாகச் சேர்ந்தே இறங்குகின்றன. 2014-இல் முழு ஜீனோமையும் துழாவிய ஆய்வில் எச்.எல்.ஏ-பி பக்கத்தில் ஒரு புள்ளி மேலே வந்தது, கூடவே ஈ.எக்ஸ்.ஓ.சி.2, என்.சி.ஓ.ஏ.1 ஜீன்களின் அருகில் ஒவ்வொன்று, 8-ஆம் குரோமோசோமில் பி.வி.டி.1-க்கும் மிக் ஜீனுக்கும் அருகில் இரண்டு. டி.என்.எஃப் குற்றவாளியா அல்லது குற்றவாளியோடு ஒரே பஸ்ஸில் வந்தவனா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஃபாலிகுலர் வகையில் எச்.எல்.ஏ-யின் ஆட்டம் இன்னும் பலமானது. அதில் எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1 முதலிடம், அதற்கு அப்புறம் பி செல்லை முடிச்சுக்குள் சரியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் சி.எக்ஸ்.சி.ஆர்.5, ஈ.டி.எஸ்.1, எல்.பி.பி, அப்புறம் நம் சேலத்துக்காரர் ரிப்போர்ட்டில் பார்த்த அதே பி.சி.எல்.2. கவனியுங்கள், கட்டியில் பெரிய விபத்தாக உடைந்து ஒட்டுகிற அதே ஜீனுக்கு அருகில் பிறவியிலேயே இருக்கிற ஒரு சின்ன எழுத்து மாற்றமும் ஆபத்தை லேசாகத் தள்ளுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ஹாட்ஜ்கினில் எச்.எல்.ஏ-வோடு ஆர்.ஈ.எல், ஜி.ஏ.டி.ஏ.3 ஜீன்களின் பக்கம் வருகின்றன. ஒவ்வொரு வகை லிம்போமாவுக்கும் பட்டியல் வேறு, எச்.எல்.ஏ மட்டும் எல்லாவற்றிலும் தலைகாட்டுகிறது.

எச்.எல்.ஏ ஏன்? செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் துண்டு துண்டாக வெளியே ஏந்திக் காட்டுகிற புரதங்கள் அவை, அந்தத் துண்டைப் பார்த்துத்தான் டி செல் இது நம்மாளா, கிருமி புகுந்த ஆளா என்று முடிவு செய்கிறது. யாருடைய எச்.எல்.ஏ எந்தத் துண்டை நன்றாகப் பிடிக்கும் என்பது பிறவியில் முடிவாகிவிடுகிறது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வேறு வேறு எச்.எல்.ஏ வந்தால் இரண்டு வகைத் துண்டுகளைக் காட்டலாம், ஒரே மாதிரி வந்தால் வகை குறைந்துவிடும். 2018-இல் வந்த ஓர் ஆய்வில் எச்.எல்.ஏ-யில் ஒரே வகை இரட்டையாக இருப்பவர்களுக்கு டி.எல்.பி.சி.எல்-உம் ஃபாலிகுலரும் சற்று அதிகம் என்று கண்டார்கள். சற்று அதிகம், அவ்வளவுதான். மேலே சொன்ன புள்ளிகளில் பெரும்பாலானவை ஆபத்தை 20 முதல் 40 சதவீதம் நகர்த்துகிறவை, அதை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதருக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

வாசகி, கோயம்புத்தூர்: என் மகன்கள் இரட்டையர், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 22 வயதில் ஒருவனுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா. இன்னொருவனைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஓர் ஆய்வே இருக்கிறது, அதைச் சொல்லாமல் மழுப்பினால் நீங்களே எங்காவது பாதியைப் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடப்பீர்கள்.

1995-இல் அமெரிக்காவில் வெளியானது. ஒருவருக்காவது ஹாட்ஜ்கின் வந்திருந்த இரட்டையர்களைத் தேடி எடுத்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் 179 ஜோடி, இரண்டு கருவாக வந்தவர்கள் 187 ஜோடி. இரண்டாவது கூட்டத்தில் ஒரு ஜோடியில்கூட இருவருக்கும் வரவில்லை. முதல் கூட்டத்தில் 10 ஜோடிகளில் இருவருக்கும் வந்தது. பொது ஜனங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறு மடங்கு. இளவயதில் வரும் ஹாட்ஜ்கினில் பிறவி ஜீன்களுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற சாட்சி இல்லை.

இப்போது அதே எண்களைத் திருப்பிப் படியுங்கள். அந்த 179 ஜோடிகளில் 169-இல் இன்னொருவருக்கு வரவில்லை. டி.என்.ஏ ஒன்றேதான், ஒரே அம்மா, ஒரே வீடு, ஆனாலும் பெரும்பாலும் வரவில்லை. நூறு மடங்கு என்பது உண்மை, இதுவும் உண்மை. ஹாட்ஜ்கின் அவ்வளவு அபூர்வமான நோய் என்பதால்தான் இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடிகிறது.

இரட்டையர் அல்லாத மற்ற குடும்பங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு வைத்திருக்கிறார்கள் (பொறாமையாக இருக்கிறது). அங்கே 13,922 ஹாட்ஜ்கின் நோயாளிகளின் 57,475 நெருங்கிய உறவினர்களைத் தொடர்ந்து பார்த்ததில் உறவினருக்கு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல், ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் 0.6 சதவீதம். ஆயிரம் பேரில் ஆறு பேர். உடன்பிறந்தவர்களுக்கு ஆறு மடங்கு.

உங்கள் இன்னொரு மகனுக்கு மாதா மாதம் ஸ்கேன் வேண்டாம், அது கதிர்வீச்சை ஏற்றிக்கொள்வதுதான் மிச்சம். கழுத்தில், அக்குளில் வலியில்லாத கட்டி வந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டட்டும், காட்டும்போது "எனக்கு இரட்டைச் சகோதரன், அவனுக்கு ஹாட்ஜ்கின்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். சகோதரனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடமே ஒரு தடவை கூட்டிப் போய் அறிமுகம் செய்துவைத்துவிடுங்கள், உங்களுக்கும் கொஞ்சம் தூக்கம் வரும். இந்த வயது ஹாட்ஜ்கின் பெரும்பாலும் குணமாகிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், காரைக்குடி: இது தொற்றுமா? தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொல்கிறார்கள்.

தொற்றாது. தட்டைச் சேர்த்தே கழுவுங்கள்.

வாசகி, விருதுநகர்: மாமா மகனையே கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் என்று யூடியூபில் பார்த்தேன்.

யூடியூபில் யார் என்ன சொன்னார் என்பது இருக்கட்டும். தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது, அத்தனை வீட்டிலும் லிம்போமா இல்லை. பெரியவர்களுக்கு வரும் சாதாரண லிம்போமாவுக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் நேரான முடிச்சுப் போட ஆதாரம் இல்லை.

ஆனால் வேறொரு சின்னக் கதவு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி கெட்டிருக்கும் அபூர்வ நோய்கள் சில உண்டு. அவற்றில் பல, பழுதான ஜீன் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்தி கட்டிக்கொள்ளும்போது அந்த இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஏ.டி.எம் என்ற ஜீன் இரண்டு பக்கமும் பழுதானால் அடாக்சியா டெலாஞ்சியெக்டேசியா: நடக்கப் பழகும் வயதில் தள்ளாட்டம், அப்புறம் வெள்ளைவிழியில் சிவந்த ரத்தக்குழாய்கள், திரும்பத் திரும்பச் சளி நிமோனியா. இவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் புற்றுநோய் வருகிறது, அதில் பெரும்பாலும் லிம்போமாவும் ரத்தப் புற்றும்தான். இதை முன்பே கண்டுபிடிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, அந்த ஜீன்தான் உடைந்த டி.என்.ஏ-வைச் சரிபார்க்கிற வேலையைச் செய்வது என்பதால் இவர்கள் உடம்பு கதிர்வீச்சைத் தாங்காது, சாதாரண அளவு ரேடியேஷன் சிகிச்சையே ஆபத்தாகிவிடும், தேவையில்லாத சி.டி ஸ்கேனும் கூடாது. டி செல்லுக்கு வேண்டிய ஐ.டி.கே என்ற ஜீனின் குறையை 2009-இல் முதலில் கண்டது துருக்கியில் சொந்தத்தில் கல்யாணம் நடந்த ஒரு குடும்பத்தின் இரண்டு சகோதரிகளிடம். எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகத்தில் பெரியவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற சாதுவான வைரஸ், அந்தக் குழந்தைகளின் உடம்பில் மட்டும் கட்டுக்கு அடங்காமல் போய் லிம்போமா வரை கொண்டுவிட்டது.

சொந்தத்தில் கட்டாத வீட்டிலும் வருவது ஒன்று உண்டு. எக்ஸ்.எல்.பி என்பார்கள், டேவிட் பர்ட்டிலோ என்ற மருத்துவர் 1975-இல் ஒரே குடும்பத்தின் ஆண் பிள்ளைகள் அடுத்தடுத்து அதே வைரஸால் இறந்ததைப் பதிவு செய்தார், ஜீன் 1998-இல் அகப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா சுமப்பார், நோய் மகனுக்கு. இப்போது முன்கூட்டியே தெரிந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றி அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடிகிறது.

உங்கள் பிள்ளைகள் மற்ற பிள்ளைகள் மாதிரி சளி பிடித்து நாலு நாளில் சரியாகி விளையாடுகிறார்கள் என்றால் இது எதுவும் உங்களுக்கு இல்லை. வீட்டில் ஏற்கெனவே சின்ன வயதில் கடும் தொற்றால் போன குழந்தைகள், அல்லது குழந்தை வயதில் லிம்போமா, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

வாசகர், கூடலூர், நீலகிரி: பிறவி ஜீன் மாற்றம் எப்போதுமே கெடுதல்தானா?

நல்ல கேள்வி, அதுவும் நீலகிரியிலிருந்து வருவது பொருத்தம். இந்தியாவில் சிக்கில் செல் ஜீனை முதன்முதலில் 1952-இல் கண்டதே உங்கள் மலையின் பழங்குடிகளிடம்தான். அந்த ஜீன் இரட்டையாக இருந்தால் துன்பம், ஒற்றையாக இருந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து காப்பு. ஆப்பிரிக்காவில் டெனிஸ் பர்க்கிட் 1958-இல் உகாண்டாவில் இருந்தபடி எழுதிய, குழந்தைகளின் தாடையில் வீங்கும் லிம்போமாவுக்கு மலேரியாவும் எப்ஸ்டீன்-பார் வைரஸும் சேர்ந்த கூட்டு ஒரு காரணம். ஒற்றைச் சிக்கில் ஜீன் உள்ள குழந்தைகளுக்கு அந்த லிம்போமா குறைவாக வருகிறது என்று கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. மலேரியாவைத் தடுக்கிற ஜீன் அதற்கு அடுத்து வரும் லிம்போமாவையும் கொஞ்சம் தடுக்கிறது. நம் ஊரில் அந்த வகை பர்க்கிட் பரவலாக இல்லை, அதனால் இந்தப் பலனை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, எச்.எல்.ஏ-ஏ2 உள்ளவர்களுக்கு அந்த வைரஸோடு சேர்ந்து வரும் ஹாட்ஜ்கின் குறைவு, ஏ1 உள்ளவர்களுக்கு அதிகம். வைரஸின் துண்டுகளை ஏ2 நன்றாகப் பிடித்துக் காட்டுகிறது என்பதுதான் விளக்கம்.

வாசகர், ஈப்போ, மலேசியா: மருமகள் சீனப் பெண், 26 வயது. காலிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் கட்டிகள், ஓயாத காய்ச்சல். தோலடிக் கொழுப்பில் வருகிற ஒரு டி செல் லிம்போமா என்று சொல்லி, ரத்தத்தில் ஒரு ஜீன் டெஸ்ட் கேட்கிறார்கள். பணம் பிடுங்குகிறார்களா?

இல்லை. நாமக்கல்லுக்கு டெஸ்ட் வேண்டாம் என்று சொன்ன அதே ஆள் உங்களுக்குச் சொல்கிறேன், அந்த டெஸ்டை எடுங்கள்.

இந்த லிம்போமா மிக அபூர்வம். 2018-இல் இந்த நோயாளிகளைச் சோதித்தபோது பெரும்பாலானவர்களிடம் ஒரே ஜீனில், எச்.ஏ.வி.சி.ஆர்.2 என்பதில், பிறவிப் பழுது அம்மா அப்பா இரண்டு பக்கமும் இருந்தது. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய மக்களிடமும் பாலினேசியத் தீவு மக்களிடமும்தான் அதிகம். அந்த ஜீன் செய்யும் டிம்-3 என்ற புரதம் எதிர்ப்புச் செல்களுக்கு பிரேக். மாற்றம் உள்ளவர்களிடம் அந்தப் புரதம் சரியாக மடியாமல் செல்லின் மேற்பரப்புக்கே வருவதில்லை. பிரேக் இல்லாத செல்கள் கொதித்துப்போய்க் கொழுப்பைத் தின்னும், சில சமயம் உடம்பின் ரத்த அணுக்களையே விழுங்கும் நிலைக்குப் போகும், அது உயிருக்கு ஆபத்து.

ஜீனில் பழுது இருக்கிறது என்று தெரிந்தால் கீமோவுக்குப் பாயாமல் சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் கொண்டே கட்டுப்படுத்த வாய்ப்பு இருக்கிறது. அதாவது ரிசல்ட் வந்தால் மருந்தே மாறலாம். அவருடைய உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பில் அதே இரட்டைப் பழுது இருக்கலாம், அவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒற்றைப் பிரதிதான் இறங்கும், உங்கள் மகன் பக்கமும் இருந்தால் ஒழிய.

வாசகர், சென்னை: எச்சில் அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுத்தேன். லிம்போமா ஆபத்து 1.4 மடங்கு என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

சிவப்பைப் பார்க்காதீர்கள். அந்த 1.4 எங்கிருந்து வருகிறது என்றால், மதுரை மாணவருக்குச் சொன்னேனே, அந்தச் சின்னப் புள்ளிகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி. எச்.எல்.ஏ வகைகள் இனத்துக்கு இனம் மாறுகின்றன, எந்த எழுத்து எந்த எழுத்தோடு தொகுதியாக இறங்குகிறது என்பதும் மாறுகிறது, அங்கே ஒரு புள்ளி குறிக்கும் ஜீனை இங்கே அது குறிக்காமல் போகலாம். நம்மவர்களின் 10,000 ஜீனோம்களைப் படிக்கும் ஜீனோம் இந்தியா திட்டம் 2024-இல்தான் அந்த வேலையை முடித்தது. அதன் மேல் லிம்போமா கணக்குப் போட வேண்டுமென்றால் இன்னும் ஆயிரக்கணக்கில் நம் நோயாளிகளின் மாதிரி வேண்டும். அதுவரை அந்த ரிப்போர்ட் வெள்ளைக்காரர் அளவுக்குத் தைத்த சட்டை. சரியாகவே இருந்தாலும் என்ன செய்யப் போகிறீர்கள்? லிம்போமாவை முன்கூட்டிப் பிடிக்க மார்பகத்துக்கு மேமோகிராம் இருப்பது போல ஒரு பரிசோதனை கிடையாது.

வாசகர், ஹூஸ்டன்: அண்ணனுக்கு 58 வயதில் சி.எல்.எல் (க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா). அது லிம்போமாவா, லுக்கீமியாவா? அதில் குடும்பத் தொடர்பு அதிகம் என்கிறார்களே.

இரண்டும்தான், ரத்தத்தில் தெரிந்தால் சி.எல்.எல், முடிச்சில் தெரிந்தால் எஸ்.எல்.எல் லிம்போமா, செல் ஒன்றே. குடும்பத் தொடர்பு அதிகம் என்பதும் சரி, இந்தக் கூட்டத்திலேயே அதிகம், நெருங்கிய உறவினருக்கு எட்டு மடங்கு அளவு. நாற்பதுக்கு மேற்பட்ட ஜீன் புள்ளிகள் கிடைத்திருக்கின்றன. ஆசியர்களுக்கு இந்த நோய் குறைவு, அமெரிக்காவில் குடியேறித் தலைமுறை கடந்த பின்னும் குறைவாகவே இருக்கிறது, மற்ற சில புற்றுநோய்கள் போல ஊர் மாறினால் ஏறிவிடுவதில்லை, ஜீனின் கை இதில் தெரிகிறது. அண்ணனுக்கு என்றாவது மஜ்ஜை மாற்றம் பேசப்பட்டு நீங்கள் கொடுக்க முன்வந்தால் உங்கள் ரத்தத்தையும் கவனமாகப் பார்ப்பார்கள், உறவினர் சிலரிடம் அதே மாதிரி செல்கள் நோயாக ஆகாமல் சின்ன அளவில் இருக்கும். மற்றபடி வருஷத்துக்கு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை எடுக்கிறீர்கள் அல்லவா, போதும்.

விவசாயி, பெரம்பலூர்: எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு இந்த நோய். ஜீனா, பூச்சிமருந்தா?

ஒரே வீட்டில் மூன்று பேர் என்றால் நான் எழுதும் பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மூவருக்கும் எந்த வகை, எந்த வயதில் என்று எழுதி எடுத்துக்கொண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மரபியல் பிரிவைப் பாருங்கள். பி.ஓ.டி.1 போன்ற ஜீன்களில் பழுது இப்படி நிறையப் பேருக்கு வந்த சில குடும்பங்களில் கிடைத்திருக்கிறது.

மருந்துக்கும் பங்கு இருக்கலாம். பெரியவர்கள் பி.எச்.சி பவுடர் என்று கையால் தூவினார்களே, அதில் பூச்சியைக் கொன்ற பொருள் லிண்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அதை நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. தடை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பழைய டப்பா மாட்டுக்கொட்டகையில் கிடந்தால் தொடாதீர்கள். ஜீனா மருந்தா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தும் வேலை செய்யலாம்.

வாசகி, திருநெல்வேலி: கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, மூன்று மாதமாகப் போகவில்லை, வலியும் இல்லை. டி.பி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என் சித்தப்பாவுக்கு லிம்போமா இருந்தது, அதைச் சொல்லவேண்டுமா?

இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நம் ஊரில் கழுத்து நெறிக்கு டி.பி மிகச் சாதாரணமான காரணம், டாக்டர் அதை நினைத்தது தவறில்லை, ஆனால் சதையை எடுத்துப் பார்க்காமல் மாத்திரை ஆரம்பித்திருந்தால் அதைக் கேளுங்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது லிம்போமாவுக்குப் பெரும்பாலும் போதாது, வகையைச் சொல்ல முடியாது. முடிச்சை முழுசாக எடுத்துப் பயாப்ஸி செய்வதுதான் சரி. அதற்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கட்டி சுருங்கி நோய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் பயாப்ஸியில் ஒன்றும் தெரியாது. ராத்திரியில் படுக்கை நனைகிற அளவு வியர்வை, ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு, இவை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சித்தப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் அவர் வீட்டில் எங்காவது ஃபைலில் இருக்கும், ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.